மாதிரிப் பார்வையாளர்

எங்கள் வீட்டுக்கு டிவி வந்த பிறகுதான் எனக்கு டிவி பார்க்கத் தெரியாது என்பது தெரியவந்தது.

அதுவரை தெரியும் என்றே நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு டெய்லரின் பழைய டிவியில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்பது என் அபிப்பிராயம். இந்த அபிப்பிராயம் எத்தனை குடும்பங்களைக் கெடுத்திருக்கிறது என்று பிற்பாடு பார்வை நல வாரிய அதிகாரிகள் எனக்கு விளக்கினார்கள். ஒவ்வொருவராக வந்து விளக்கினார்கள்.

டிவியை வாங்கி அனுப்பியது என் மகள். அவள் பளு தூக்குகிறவள். என்னையும் அவள் அம்மாவையும் ஆளுக்கொரு தோளில் உட்காரவைத்து மாடிப்படி ஏறக்கூடியவளை வீட்டில் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். நான் பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறேன். "அப்பன் ஆளைத் தூக்குறான், பொண்ணு இரும்பைத் தூக்குது" என்று தெருவில் கேலி பேசுவார்கள். எனக்கு அதில் பெருமைதான். ஒரே ஒரு குறை, அவள் தூக்கி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. போட்டிகள் எல்லாம் வெளியூரில் நடக்கும். எனக்கு டியூட்டி இருக்கும். அவள் கோப்பையோடு வீட்டுக்கு வருவாள். நான் கோப்பையைப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

இந்த முறை நாட்டுக்காக வெளிநாட்டில் போட்டி. டிவியில் நேரடியாகக் காட்டப்போகிறார்கள்.

"அப்பா, இந்தத் தடவை டியூட்டி கியூட்டின்னு சொன்னீங்க, அப்புறம் நான் பேச மாட்டேன். நம்ம வீட்ல, நம்ம டிவில, காலை நீட்டி உக்காந்து பாக்கணும். டெய்லர் மாமா வீட்டு வாசல்ல நின்னு எட்டிப் பாக்கக் கூடாது" என்று கிளம்புகிற அன்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன மறுநாள் பெட்டி வந்தது.

பெட்டியின் மேல் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. "பார்வை நல வாரிய அலுவலர் இன்றி இப்பெட்டியைத் திறப்பது பார்வைக்கும் தங்களுக்கும் நல்லதல்ல."

"பிரிச்சுடுங்கண்ணே, யாரு கேக்கப் போறா?" என்றார் டெய்லர். அவருக்கென்ன, அவருடைய டிவி வாரியம் பிறப்பதற்கு முன்பே வாங்கியது. ஆனால் அடுத்த தெருவில் ஒருவர் அவராகவே பெட்டியைப் பிரித்து, அவராகவே செருகி, அவராகவே பார்த்துவிட்டாராம். வாரியத்தார் வந்து டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தகுதியற்றவர்கள் பார்த்ததால் அது அதிர்ச்சி அடைந்திருக்கிறது, தேறியதும் திருப்பித் தருகிறோம் என்றார்களாம். இன்னும் தேறவில்லை. இந்தக் கதையைக் கேட்ட என் மனைவி, கையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனேன். நல்ல பெரிய கட்டடம். காத்திருப்போர் அறையில், பெட்டி பிரிக்கப்படாத ஒரு டிவி மேஜை மேல் இருந்தது. அதைப் பார்த்தபடி வரிசையாக நாற்காலிகள். டிவி மாட்டச் சுவர் பார்த்துக் கொடுக்கிற சுவர் அலுவலருக்கு வெளியே வேலை அதிகம், அதனால் இங்கே இன்னும் மாட்டவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவர் அந்தப் பெட்டியைப் பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

விசாரணை ஜன்னலில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முன்ன பின்ன டிவி பாத்த அனுபவம் இருக்கா?"

"பக்கத்து வீட்ல பாத்திருக்கேம்மா."

"அது பாக்குறது இல்ல, எட்டிப் பாக்குறது. அதெல்லாம் அனுபவத்துல சேராது. என்ன வேலை பாக்குறீங்க?"

"லிஃப்ட் ஓட்டுறேன். பட்டன் அமுக்குற வேலை."

"ஐயையோ" என்று அந்த அம்மா உண்மையாகவே வருத்தப்பட்டார். "பழகின விரலா? பழகாத விரலைத் திருத்திடலாம். பழகின விரல்தான் எங்களுக்குப் பெரிய தலைவலி."

என் மகள் போட்டியில் கலந்துகொள்கிறாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைக் காட்டுகிறார்கள், அதற்குள் முடித்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும் என்று கெஞ்சினேன். சுவர் பார்த்து, தூரம் பார்த்து, ரிமோட் பயிற்சி முடித்து, கடைசியாக முதல் ஒளி விழா நடந்த பிறகுதான் டிவியைப் போட முடியும் என்றார். நடுவில் எதையும் தாண்டக் கூடாதாம். தாண்டிப் பார்த்தவர்கள் யாரும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை என்றும் சொன்னார்.

முதலில் சுவர் அலுவலர் வந்தார். ஒல்லியான மனிதர். வீட்டுக்குள் வந்ததும் யாரையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரிடம் போனார். விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். எங்கள் ஹாலுக்கு இருப்பதே நான்கு சுவர். ஒன்றில் ஜன்னல், ஒன்றில் வாசல், ஒன்றில் பீரோ. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெறுஞ்சுவர். பிளக் பாயின்ட்டும் அதில்தான் இருந்தது. அதைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது சரிப்படாது."

"ஏன் சார்? பிளக் பாயின்ட் இங்கதான இருக்கு?"

"அதனாலதான் சரிப்படாது. இந்தச் சுவருக்கு ஏற்கெனவே ஒரு பொறுப்பு இருக்கு. ஒரு சுவருக்கு ஒரு பொறுப்புதான். எங்க டிபார்ட்மென்ட்ல மட்டும் எனக்கு மேல எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் பாக்குறாங்களா? பாக்க மாட்டாங்க. சுவருக்கும் அதே நியாயம்தான்."

கடைசியில் பீரோ இருந்த சுவரைத் தேர்ந்தெடுத்தார். பீரோவுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறதே என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். பீரோ நடைக்குப் போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு நடையில் யாரும் நேராக நடக்கவில்லை, எல்லோரும் பக்கவாட்டில்தான் நகர்ந்தோம். வாரியத்து ஆட்கள் வந்த வேகத்தில் பெட்டியைப் பிரித்து டிவியை மாட்டினார்கள். நல்ல பெரிய டிவி. மாட்டிய கையோடு அதன் மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்தி, துணியின் நான்கு மூலையிலும் அரக்கு சீல் வைத்தார்கள். பாப்பா அனுப்பிய டிவி எங்கள் ஹாலில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றது.

அடுத்து வந்தவர் தூர அலுவலர். அவர் தனியாக வரவில்லை. வேனிலிருந்து இரண்டு பேர் மரத்தால் செய்த ஒரு மனிதரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட், மூக்குக் கண்ணாடி, வகிடு எடுத்து வாரிய தலை. முகத்தில் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை.

"எழுந்திருங்க" என்றார் தூர அலுவலர்.

எழுந்தோம்.

"இவர்தான் மாதிரிப் பார்வையாளர். இந்த நாட்டு ஜனங்க எல்லாரையும் அளந்து, கூட்டி, வகுத்து எடுத்த ஆள். சராசரி உயரம், சராசரி பார்வை, சராசரி பொறுமை. இவருக்குத் தெரிஞ்சா நாட்டுக்கே தெரிஞ்ச மாதிரி."

"அப்ப நாங்க?" என்றாள் மனைவி.

"நீங்க தனிப்பட்ட ஆளுங்கம்மா. தனிப்பட்ட ஆளுக்கு எல்லாம் டிவி மாட்ட ஆரம்பிச்சா வாரியம் தாங்குமா?"

எங்கள் வீட்டில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். அப்புறம் டேப்பைப் பிடித்தார்கள். டிவியிலிருந்து மாதிரிப் பார்வையாளர் இருக்க வேண்டிய தூரம் என்று ஒரு கணக்கு உண்டாம். நேராக அளந்தால் அந்தத் தூரம் எதிர்ச் சுவரைத் துளைத்துக்கொண்டு டெய்லர் வீட்டுக்குள் போய் முடிந்தது. தூர அலுவலர் கொஞ்சமும் அசராமல் டெய்லர் வீட்டுக்குப் போய், அவருடைய தையல் மெஷினைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று கேட்டார். டெய்லர் கத்தரிக்கோலும் கையுமாக வாசல்வரை வந்து பதில் சொன்னதால் அந்த யோசனையைக் கைவிட்டார். பிறகு குறுக்கே, கோணலாக அளந்தார்கள். ஹாலின் மூலையில் பாத்ரூம் வாசல்படியில் கணக்கு கச்சிதமாக வந்து நின்றது.

ஆக, மாதிரிப் பார்வையாளர் எங்கள் பாத்ரூம் வாசலில் குடியேறினார். விழா முடியும்வரை அவர் அந்த வீட்டோடு பழக வேண்டும், நாற்காலியை ஓர் இம்மிகூட நகர்த்தக் கூடாது, அவருக்கும் திரைக்கும் நடுவே யாரும் நின்று மறைக்கக் கூடாது என்று உத்தரவு. குளிக்கப் போகிறவர்கள் அவருடைய முழங்காலைத் தாண்டிப் போனோம், வருகிறபோது அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு வந்தோம். நான் காலையில் அவரிடம் "கொஞ்சம் வழி விடுங்க சார்" என்று சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டேன். என் மனைவிக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளவில்லை. திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் அவருடைய காது இந்தப் பக்கம்தானே இருக்கிறது என்று ஒரு துண்டை எடுத்து அவர் தலைமேல் போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போவாள். ஒருநாள் எடுக்க மறந்துவிட்டாள். அன்றைக்கென்று தூர அலுவலர் வந்து தொலைத்தார். ஈரத் துண்டுக்கு அடியில் நாட்டு மக்களின் சராசரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஒட்டுமொத்த ஜனங்க தலைமேல துண்டு போட்டிருக்கீங்கம்மா" என்றார். குரல் தழுதழுத்தது.

"துவைச்ச துண்டுதாங்க" என்றாள் மனைவி.

ரிமோட் பயிற்சிக்கு வாரியத்துக்கே போக வேண்டியிருந்தது. பயிற்றுநர் என்னைப் போன்ற ஏழெட்டுப் பேரை பெஞ்சில் உட்காரவைத்து, ஆளுக்கொரு அட்டைத் துண்டு கொடுத்தார். அட்டையில் ரிமோட் படம் வரைந்திருந்தது. உண்மையான ரிமோட்டை அவர் பையிலிருந்து எடுத்துத் தூரத்திலிருந்து ஒருமுறை காட்டிவிட்டு மறுபடியும் உள்ளே வைத்துக்கொண்டார்.

"பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி மனசுல அமுக்கணும்" என்றார். "மனசு அமுங்கினதும் விரல் தானா அமுங்கும். எத்தனையோ பேர் விரலை மட்டும் அமுக்கிட்டு, மனசை அப்படியே விட்டுடுறாங்க. அப்புறம் படம் வருது, ஆனா அவங்க மனசுல ஒண்ணும் வரல. நான் இந்த வேலைக்கு வந்ததிலேர்ந்து வீட்ல டிவி பாக்குறதையே விட்டுட்டேன். அந்த அளவுக்கு அதோட ஆழம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

பரீட்சையில் என்னை முதலில் கூப்பிட்டார். கண்ணை மூடி, மனதில் அமுக்கி, பிறகு அட்டையில் இருந்த பட்டனில் விரலை வைத்தேன். இத்தனை வருஷப் பழக்கம் விடுமா? விரல் பட்டனில் பட்டதும் வாய் தானாகத் திறந்து, "எந்த மாடி?" என்று கேட்டுவிட்டது.

பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பயிற்றுநர் சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நோயாளியின் சொந்தக்காரரிடம் டாக்டர் பேசுகிற குரலில், "போட, அணைக்க மட்டும் வெச்சுக்கங்க" என்றார். என் மனைவிக்கு ஒலி கூட்டிக் குறைக்கிற தகுதி கிடைத்தது. சேனல் மாற்றுகிற தகுதி இரண்டு பேருக்குமே இல்லை. அதற்கு மேற்படிப்பு உண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. முதல் ஒளி விழாவுக்குத் தேதி கிடைக்கவில்லை. வாரியத் தலைவர்தான் வந்து சீலை உடைத்துத் துணியை விலக்க வேண்டும். அவருக்கோ ஊரெல்லாம் விழா. விசாரணை ஜன்னல் அம்மாவிடம் நாலு தடவை நடந்தேன். "உங்க பொண்ணு அடுத்த வருஷமும் தூக்குவா இல்ல?" என்றார் அந்த அம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"பேசாம டெய்லர் வீட்டுக்கே போயிடலாங்க" என்றாள் மனைவி. "பாப்பாகிட்ட சொல்ல வேணாம்."

"அவ கேப்பாளே."

"நம்ம டிவிலதான் பாத்தோம்னு சொல்லிக்கலாம்."

அவள் சொன்னது சரிதான். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. பாப்பா கேட்டது இந்த ஒன்றுதான். அதுவும் சுவரில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிற அந்த டிவியைப் பார்க்கிறபோது, அவளே அங்கே நின்று என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. இருந்தாலும் வேறு வழி தெரியாமல் சரி என்று தலையாட்டினேன்.

சனிக்கிழமை திடீரென்று வாரியத்திலிருந்து ஆள் வந்தது. பேப்பரில் பாப்பாவின் படம் வந்திருக்கிறது. தலைவர் அதைப் பார்த்திருக்கிறார். அந்தப் பெண்ணின் வீட்டு டிவி நம் வாரியத்தின் முக்காட்டுக்குள் இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். உடனே மற்ற விழாக்களை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம், அவள் மேடை ஏறுகிற அதே நேரத்துக்கு எங்கள் வீட்டு விழாவை வைத்துவிட்டார். பயனாளிகள் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிவி திரும்பிப் போகும் என்று வந்தவர் சொன்னார். இதைச் சொல்லவே வேண்டியதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மனைவி முதன்முறையாக மாதிரிப் பார்வையாளரின் சட்டையைத் தட்டி, சுருக்கம் நீக்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு கொள்ளாத கூட்டம். தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். டெய்லர் தன் டிவியை அணைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்தார். ஜன்னலில் தலைகள், வாசலில் தலைகள். நானும் மனைவியும் டிவிக்கு நேர் எதிரே, சுவரோரம் பாயில் காலை நீட்டி உட்கார்ந்தோம். ஹாலின் மூலையில், பாத்ரூம் வாசலில், மாதிரிப் பார்வையாளர் எப்போதும்போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

தலைவர் தன் அலுவலர்களோடு தாமதமாக வந்தார். நல்ல வாட்டசாட்டமான மனிதர். வாசல் நிறைய வந்தார். வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெத்த வயிறு குளிரணும்" என்று சொன்னார். பிறகு நான் அப்பா என்று யாரோ சொன்னதும் என் மனைவியிடம் போய் அதையே மறுபடி சொன்னார். சீல்களை ஒவ்வொன்றாக உடைத்தார். ஒவ்வொன்றுக்கும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். துணி விழுந்தது. பயிற்றுநர் என்னிடம் ரிமோட்டை இரண்டு கையாலும் நீட்டினார். நான் மனதிலும் விரலிலும் அமுக்கி டிவியைப் போட்டேன். இந்த முறை வாயை இறுக மூடிக்கொண்டேன். அவர் ரிமோட்டைத் திரும்ப வாங்கிச் சேனல் மாற்றினார்.

அரங்கம் வந்தது. பெரிய வெளிச்சம். நடுவில் மேடை, மேடைமேல் கம்பி, கம்பியின் இரண்டு முனையிலும் பெரிய சிவப்பு வட்டுகள். வர்ணனையாளர் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு வாய்ப்பும் போய்விட்டது, இரண்டு முறையும் பாதியிலேயே போட்டுவிட்டாள், இனி இருப்பது ஒன்றுதான், அதுவும் போனால் போட்டியே போயிற்று என்றார். எங்கள் பாப்பாவைத்தான் சொல்கிறார். நாங்கள் சீல் உடைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அங்கே இரண்டு முறை தோற்றிருக்கிறாள்.

அவள் வந்தாள். திரையின் ஓரத்தில் இருந்து நடந்து வந்து, தொட்டியில் கைவிட்டு வெள்ளைப் பொடியைப் பூசிக்கொண்டாள். முகத்தை இன்னும் நிமிர்த்தவில்லை. "பாப்பா" என்றாள் என் மனைவி, ரொம்ப மெதுவாக, அவளுக்குக் கேட்டுவிடப் போகிற மாதிரி.

"இரண்டு வார்த்தை பேசிடுறேன்" என்றார் தலைவர். "சத்தத்தை நிறுத்துங்க."

சத்தம் நின்றது. தலைவர் எங்களுக்கும் டிவிக்கும் நடுவே வந்து நின்றார். உடனே அவருக்கு விதி ஞாபகம் வந்தது.

"மாதிரிப் பார்வையாளருக்கு மறைக்குதா பாருங்க."

தூர அலுவலர் ஓடிப்போய் மாதிரிப் பார்வையாளரின் நாற்காலிக்குப் பின்னால் குந்தி, அவருடைய தோளுக்கு மேலாக, அவருடைய கண் மட்டத்தில் பார்த்தார்.

"லேசா மறைக்குது சார். கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். போதும் சார், இப்ப அவருக்கு நல்லாத் தெரியுது."

இப்போது தலைவர் என் மகளை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றார்.

"சார்," என்றேன், "கொஞ்சம் தள்ளி…"

"உக்காருங்க, உக்காருங்க. உங்களைப் பத்தித்தான் பேசப்போறேன்" என்றார். ஆரம்பித்துவிட்டார். "மக்கள் பார்க்கிறார்கள், பார்க்கிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதைப் பார்க்கிறார்கள்? வாரியத்தை யாராவது பார்க்கிறார்களா? கண் மக்களுடையதாக இருக்கலாம். பார்வை வாரியத்துடையது!"

நான் இடப்பக்கம் சாய்ந்தேன். கேட்பவனின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் அந்தப் பக்கம் சாய்ந்தார். வலப்பக்கம் சாய்ந்தேன். அவரும் வந்தார். எழப் பார்த்தேன், பயிற்றுநர் பின்னாலிருந்து என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். மூலைக்கு ஓடலாம் என்றால் நடுவில் தெருவே உட்கார்ந்திருந்தது. ஒன்றும் செய்ய முடியாமல் அவருடைய சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் நடையில் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதைச் செய்யக்கூடியவள் வீட்டில் இல்லை.

"இந்தக் குடும்பத்துக்கு இன்று ஒரு வாக்குக் கொடுக்கிறேன்" என்று தலைவர் கையை உயர்த்தினார். "இந்தக் குடும்பத்துக்கும் இந்தத் திரைக்கும் நடுவே வாரியம் என்றென்றும் நிற்கும்!"

அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இடுப்புக்கு இரண்டு பக்கமும், கீழே, இரண்டு சிவப்பு வட்டுகள் தெரிந்தன. கம்பியின் முனைகள். கம்பி அவரைவிட நீளம். அவ்வளவு பெரிய மனிதராலும் அதை முழுசாக மறைக்க முடியவில்லை.

வட்டுகள் அசைந்தன. என் மனைவி என் கையைப் பிடித்தாள். தரையிலிருந்து கிளம்பி, விறுவிறுவென்று ஏறி, தலைவரின் தோள்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. நின்று கொஞ்சம் நடுங்கின. தலைவர் வாரியத்தின் எதிர்காலத் திட்டங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்கும்மா, தூக்கும்மா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டென்று வட்டுகள் ஒரு முறை கீழே அழுந்தி, ஒரே வீச்சில் தலைவரின் காதுகளைத் தாண்டி, தலையையும் தாண்டி, மேலே போய் நின்றன. பார்க்கிறவர்களுக்குத் தலைவரே ஒரு கையை பேன்ட் பையில் விட்டபடி அவ்வளவு பளுவையும் தூக்கி நிற்கிற மாதிரி இருந்தது.

நின்றன. நின்றுகொண்டே இருந்தன. திரையின் மூலையில், தலைவரின் முழங்கைக்கு மேலே, மூன்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்குகள் எரிந்தன. மூன்றும் எரிந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

வீடு அதிர்ந்தது. நான் எழுந்து கத்தினேன். மனைவி எழுந்து அழுதாள். டெய்லர் யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தார். அது சுவர் அலுவலர் என்பது அவருக்குத் தெரியாது. ஜன்னலில் இருந்த தலைகள் எல்லாம் கூச்சல் போட்டன, கைதட்டல் நிற்கவே இல்லை.

தலைவர் பேச்சை நிறுத்தினார். கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் கூப்பினார்.

"நன்றி, நன்றி. தலைமை அலுவலகத்துலகூட எனக்கு இப்படி ஒரு கைதட்டல் கிடைச்சதில்ல" என்றார். அந்த உற்சாகத்தில் முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.

அவர் முடித்து விலகியபோது திரையில் வேறு எதுவோ ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஒளிக்குப் பிறகு ஓய்வு தேவை என்று பயிற்றுநர் டிவியை அணைத்தார். அழுதுகொண்டிருந்த என்னைத் தலைவர் தோளோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டார். வாரியத்தின் பேச்சைக் கேட்டு இத்தனை மனம் உருகிய பயனாளியை அவர் பார்த்ததில்லையாம்.

அந்த வீட்டில் என் மகளின் முகத்தை முழுசாகப் பார்த்தது அந்த மரக்கட்டை ஒன்றுதான். அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போனபோது, என் மனைவி வாசலில் அவர்களை நிறுத்தினாள். மாதிரிப் பார்வையாளரின் மூக்குக் கண்ணாடியைச் சேலை முந்தானையால் துடைத்து மாட்டிவிட்டு, அவருடைய காதோரம் குனிந்து, "எம் பொண்ணு முகம் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். தூக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் கொஞ்சநேரம் அப்படியே நின்றார்கள். அப்புறம் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு ஃபோன் வந்தது.

"அப்பா, பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"நம்ம வீட்லதான?"

"நம்ம வீட்லதான். நம்ம டிவிலதான். காலை நீட்டி உக்காந்து."

"கடைசில கம்பி சாஞ்சுதாப்பா? முதல் ரெண்டு தடவையும் இடது பக்கம் சாஞ்சுதான் போச்சு. கடைசித் தடவை எனக்கு ஒண்ணுமே தெரியல, கண்ணை மூடிக்கிட்டேன். இங்க யாரைக் கேட்டாலும் தெரியலங்கிறாங்க."

"சாயலம்மா. ரெண்டு முனையும் ஒரே மட்டமா ஏறிச்சு. தோள்கிட்ட வந்து லேசா நடுங்கிச்சு. அப்பக்கூட சாயல. மேல போய் நின்னதும் நூல் பிடிச்ச மாதிரி நின்னுச்சு."



"கோச்சுகூட இதைக் கவனிக்கலப்பா" என்றாள் பாப்பா. குரல் உடைந்திருந்தது. "எல்லாரும் என் முகத்தையே பாத்துட்டு இருந்திருக்காங்க. நீங்க ஒருத்தர்தான் கம்பியைப் பாத்திருக்கீங்க."

"ஆமாம்மா" என்றேன். "நான் கம்பியைத்தான் பாத்தேன்."